ஆறடி மாம்பழம்

ஸ்காபரோவில், எல்ஸ்மியர் வீதியில்,
பல் வைத்தியருக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில்
ஆறடி உயரத்தில் ஒரு மாம்பழம் பழுத்திருந்தது.
பழுக்க வைத்தவள் நான்.

சாமத்தியவீட்டு பேனர், தேர்தல் பலகை,
வீடு விற்பவரின் முப்பத்திரண்டு பல்
எதையும் கேள்வி கேட்காமல் துப்பும் என் இயந்திரம்.
ஓமிட் கொண்டுவந்த படத்தில் மஞ்சள் செத்துக் கிடந்தது.
நான்தான் கொஞ்சம் மஜெந்தா கலந்தேன்.
காம்படியில் சிவப்பு, தோலில் பனித்துளி.
‘மேங்கோ ஐஸ்’ என்ற எழுத்தையும் உருகி வழியவிட்டேன்.
“பார்க்கவே வாயூறுது” என்றான் ஓமிட்.
எனக்குப் பெருமையாக இருந்தது.
அதை இப்போது இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒட்டப் போன அன்று அளவுநாடாவை விரித்தேன்.
மேலே கடைப்பெயர், கீழே குப்பைத்தொட்டி மறைக்கும்,
மிஞ்சிய இடத்தில் பழத்தின் பளபளப்பு
நான்கடி எட்டங்குலத்தில் வந்து நின்றது.
அது யாருடைய கண்ணின் உயரம் என்று
நாடாவில் போட்டிருக்கவில்லை.
மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டது,
பஸ் தரிப்பில் வந்து நின்றார்கள்,
தெரிந்தது.

என் மனுசன் இருபத்தெட்டு வருசமாகப் புகைக்கிறார்.
மைனஸ் இருபதிலும் கராஜ் வாசலில்
ஜாக்கெட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு.
நாளுக்கு இரண்டு தரம் அந்தக் கடையைத் தாண்டுகிறார்.
“எந்த மாம்பழம்?” என்று கேட்டார்.
அது ஒருநாளும் அவரோடு பேசவில்லை.

போன மாசம் ஓமிட் திரும்ப வந்தான்.
படமெல்லாம் கழற்ற வேண்டுமாம்,
கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம் ஒட்ட வேண்டுமாம்,
உள்ளே நிற்பவன் பார்க்கலாம்
வெளியே நிற்பவன் பார்க்கக்கூடாதாம்.
“பன்னிரண்டு வருசம் சிகரெட் குடிச்சவன் நான்,
இதாலதான் விட்டேன், இருமலும் போச்சு.
விட நினைக்கிறவன் இனி என்னை எப்படித் தேடி வருவான்?”
கண் கலங்கத்தான் கேட்டான்.
அவன் பொய் சொல்லவில்லை.

“அவனுக்கென்றால் சொல்லு,
வெள்ளையில் கறுப்பு எழுத்தில் அடித்துத் தாறேன்.
‘சிகரெட்டை விட முடியேல்லையா, உள்ளே வா.’
பழம் வேண்டாம், பனித்துளி வேண்டாம்.”
ஓமிட் யோசித்தான்.
“அதைப் பார்த்து யார் வருவான்?” என்றான்.
பிறகு இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஞாயிறு இரவு கழற்றினேன்.
ஹீட்டரைப் பிடித்தால் படம் இலேசாக உரிந்து வந்தது.
பசை வரவில்லை.
கண்ணாடியில் மாம்பழத்தின் உருவம் அப்படியே,
நிறமில்லாமல், தூசி பிடித்து.
வெள்ளையை மேலே ஒட்டிவிட்டு
உள்விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
முன்னையைவிட வடிவாக நின்றது பழம்.

வெள்ளையைக் கிழித்தெறிந்தேன், எண்பது டொலர்.
பிளேடும் அல்ககோலுமாகச் சுரண்டத் தொடங்கினேன்.
தரிப்பில் ஒரு பெடியன், பதினான்கு இருக்கும்,
குளிருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு போன் பார்த்தான்.
நான் பசைத்துணியோடு பக்கத்தால் போகையில்
அவன் திரையில் ஒரு பெட்டை சிரித்துக்கொண்டு
மஞ்சள் புகை விட்டாள்.
யாரோ நல்லாய்த்தான் மஜெந்தா கலந்திருந்தார்கள்.
என் பிளேடு போகாத கண்ணாடி அது.

பஸ் வந்தது. ஏறிப் போனான்.
திரும்பி வந்து காம்படியில் இருந்து சுரண்டினேன்.
பில்லில் எழுதியது:
பழையது கழற்றல், புதியது ஒட்டல், வரி.
இடையில் போன மூன்று மணித்தியாலத்துக்கு
ஓமிட்டிடம் காசு கேட்கவில்லை.
அது அவனுடைய கணக்கில்லை.