பின்வடம்

பூம்பாறைக்கு மேலே, பூண்டு வயல் முடிகிற இடத்தில்
பாறையைக் குடைந்து ஓர் அறை.
உள்ளே விளக்கு கிடையாது.
பொட்டு வெளிச்சம் ஒன்று
உருளையில் சுற்றிய தாளின்மேல்
இரவும் பகலும் ஒரே கோட்டை எழுதிக்கொண்டிருக்கும்.
அதற்குக் காவல் நான். அரசாங்கச் சம்பளம்.

காலை எட்டுக்குத் தாளைக் கழற்றி
சிவப்பு விளக்கடியில் கழுவித் தொங்கவிட்டால்
நேற்றைய பூமி சொட்டச் சொட்டக் காயும்.
வேலியோரம் காட்டெருமை நடந்தது தெரியும்.
மன்னவனூர் கடைசி பஸ் தெரியும்.
சுமத்ராவில் நிலம் புரண்டால்
தாள் முழுக்கக் கிறுக்கல்,
கோபத்தில் பிள்ளை சிலேட்டில் இழுத்ததுபோல.

நிலநடுக்கம் ஓர் ஊரைத் தள்ளும், இன்னோர் ஊரை இழுக்கும்.
குண்டு அப்படியில்லை.
மண்ணுக்குள் எத்தனை ஆழத்தில் புதைத்து வெடித்தாலும்
எல்லாத் திசைக்கும் தள்ளல்தான்.
எங்கே நின்று பார்த்தாலும்
முதல் அசைவு: மேலே.

அதனால் என் ஒருத்தி சொல் செல்லாது.
நார்வேயில் ஒருவன், அலாஸ்காவில் ஒருவன்,
பெயர் வாயில் நுழையாத ஊரில் என்னைப்போல் ஒருத்தி,
அத்தனை பேரும் தனித்தனியே
'மேலே' என்று எழுத வேண்டும்.
ஒருவரையொருவர் நம்பாத நாடுகள்
பாறையை மட்டும் நம்பலாம் என்று
வருஷக்கணக்கில் வாதாடி ஒத்துக்கொண்டதற்கு
ஒப்பந்தம் என்று பெயர்.
நம் நாடு அதில் கையெழுத்துப் போடவில்லையாம்.
பாறைக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்குக் குழந்தை வேலப்பருக்குத் தேர்.
எங்கள் ஊர்த் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம்.
தெரு அப்படி. சரிவில் விட்டால்
சாமி நேரே பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.
முன்வடத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை.
சந்தனம், போட்டோ, அரோகரா.
பின்வடத்தில் சடையாண்டியும் இருபது பேரும்
குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து கிடப்பார்கள்.
"சாமி முகமே எங்களுக்குத் தெரியாது," என்பான்.
"தேரோட முதுகுதான்."

மறுநாள் தாளில் தேர் முழுவதும் இருந்தது,
மதியம் தொடங்கி, கரடுமுரடாக,
கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடம்.
கீழைத் தெரு முக்கில் மட்டும்
பதினொரு நிமிஷம் கோடு நேராக நின்றது.
சக்கரக் கட்டை நழுவியிருக்கிறது.
கட்டை திரும்பக் கிடைக்கும்வரை
இருபத்தொரு பேர் மூச்சை அடக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த அமைதிக்குள்தான் அது இருந்தது.
ஊசிமுனை அளவு.
பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை பார்த்தேன்.
மேலே.

தேர் ஓடிக்கொண்டிருந்தால்
எனக்குக் கேட்டிருக்காது.

கொடைக்கானல் தபால் ஆபீசில் சகாயநாதன்
பேனா முனையால் எண்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
"முப்பத்திரண்டு சொல். செத்தால்கூட எங்கள் வீட்டில்
இவ்வளவு நீளமாய்த் தந்தி கொடுப்பதில்லை."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"யாரோடது?"
தெரியாது என்றேன். தூரம் மட்டும்தான் தெரியும்,
அதுவும் சுமாராக.
"நம்மளோடதா இருந்தா?"

ஜன்னலுக்கு வெளியே ஏரியை மூடிக்கொண்டு பனி வந்தது.
என் பின்னால் மணியார்டர் அனுப்ப நாலு பேர்.
படிவத்தைத் திருப்பிக் கேட்கலாம்.
காட்டெருமை என்று எழுதிவிட்டால்
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"மேலே என்பதும் ஒரு சொல்தானே?" என்று கேட்டேன்.
"ஆமாம், அதற்கும் காசு."
சில்லறையை எண்ணி வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இடமில்லை.
பூண்டு மூட்டைமேல் சடையாண்டி நகர்ந்து உட்காரச் சொன்னான்.
இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது, மஞ்சள் கசிந்து.
அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
வளைவுகளில் டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
என் உள்ளங்கை தானாக மூடியது.