அட்டையின் முதுகு

நகோயாவில் அன்று நூல் மழை.
குடையை வாசல் வாளியில் செருகிவிட்டு
ஹிமகலா என் மேசைக்கெதிரே உட்கார்ந்தாள்.
குடியிருப்பு அட்டையை எடுத்து
முகத்தைக் காட்டாமல்
முதுகைத் திருப்பிக் காட்டினாள்.
கட்டைவிரல் அளவில் ஒரு முத்திரை:
வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம்.
அதற்குமேல் உழைத்தால் குற்றம்.

முன்பக்கத்தில் அவள் பெயர், படம்,
கீழே ஒரு தகுதி:
குடும்பத்தோடு தங்கியிருப்பவர்.
கணவன் தேக்நாத் முதலெழுத்து,
இவள் சார்பெழுத்து.
தமிழில் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.
அவளுக்கு நேபாளி, எனக்கு இது.
எங்களுக்கு நடுவில்
இருவரும் ஒட்டுப்போட்ட ஜப்பானியம்.

தேக்நாத் ஓசோனே ரயிலடிக்குப் பின்னால்
ஒரு கறிக்கடையில் தந்தூர் அடுப்போடு நின்றவன்.
சமையல்காரன் என்று விசா கொடுக்க
பத்தாண்டு அனுபவத்துக்குச் சாட்சி கேட்கிறார்கள்.
சாட்சி அவன் வலது கையில் இருந்தது,
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
சுட்டுச் சுட்டு மினுங்கிய தோல்.
அதை நகலெடுத்து இணைக்க
படிவத்தில் இடமில்லை.

இவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை.
நாளுக்கு ஏழு, வாரத்தில் நான்கு நாள்,
கணக்கு சரியாக வரும்.
ஒரு வெள்ளிக்கிழமை
ஹோஷினோ என்ற பழைய டிராம் ஓட்டுநருக்குக்
கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.
மேற்பார்வையாளர் வந்து
சுவர்க் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
கரண்டி அந்தரத்தில்.
கிழவர் வாயைத் திறந்தபடி.
அவள் எழுந்தாள்.
இன்னொருத்தி வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் உருளைக்கிழங்கு உரிப்பதும்
கணக்கில் சேருமா என்று
ஒருமுறை கேட்டாள் என்னிடம்.
சிரிக்கத்தான் கேட்டாள் என்று
சிரித்துவிட்டேன்.

பிப்ரவரியில் கறிக்கடை மூடியது.
மூன்று மாதத்துக்குள் வேறு அடுப்பு தேடிக்கொள்,
இல்லையேல் கேள்வி வரும் என்றது சட்டம்.
ஒசாகா வரை போய்த் திரும்பினான்.
எல்லாக் கடையிலும் கை போதுமான அளவு இருந்ததாம்.
முதலெழுத்து உதிர்ந்தால்
சார்பெழுத்து எதன் மேல் நிற்கும்?

அதற்குத்தான் அவள் வந்திருந்தாள்,
மழையில் நனையாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்த
ஒரு பழுப்பு உறையோடு.
பராமரிப்பாளர் தேசியத் தேர்வு. தேர்ச்சி.
ஐந்நூற்று நாற்பது நாள் வேலை காட்ட வேண்டும் அதற்கு.
இருபத்தெட்டு இருபத்தெட்டாகச் சேர்த்து
மூன்று வருஷத்துக்குமேல் கடந்திருக்கிறாள்.
கஞ்சிக்கும் குளியலுக்கும் நடுவே
காஞ்சி எழுத்துகளைக்
கையுறைக்குள் எழுதிப் படித்தாளாம்.

புதுப் படிவம் எடுத்தேன்.
விண்ணப்பதாரர்: ஹிமகலா.
சார்ந்தவர்:
என் விரல் ஒரு கணம் தயங்கியது.
"போடுங்கள்" என்றான்
அதுவரை காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த தேக்நாத்.
பிறகு, "எனக்கும் இருபத்தெட்டுதானா?"
ஆம்.
"உருளைக்கிழங்கு?"
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை,
அவள் மட்டும் கொஞ்சம்.

முடிவைச் சொல்லும் அஞ்சலட்டையில்
முகவரியை அவரவரே எழுதித் தர வேண்டும்.
மாவு தட்டுகிற கையால்
பேனாவை அழுத்தி எழுதினான்.
பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' போடலாமா என்றான்.
தனக்குத் தானே போடும் வழக்கமில்லை என்றேன்.
ஒருநாள் அந்தக் கையெழுத்தே
அவன் கதவிடுக்கில் வந்து விழும்.

ஆய்தத்தையும் சார்பெழுத்தில்தான் வைத்தார்கள்,
ஆனால் அதன் இன்னொரு பெயர் தனிநிலை.
இதையும் நான் சொல்லவில்லை.
கட்டண முத்திரையை எங்கே ஒட்டுவது என்று
சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று வெள்ளி.
அவளுக்கு இந்த வாரத்தில் முப்பத்தொன்றாவது மணி.
கடிகாரத்தை யாரும் தட்டவில்லை.
ஹோஷினோவின் கிண்ணத்தில் அடி தெரிகிறது.
அவர் இன்னும் கேட்கிறார்.