தலைகீழாக வார்த்த பெஞ்சு

நகராட்சியிலிருந்து பதில் வந்தது:
அந்த நிறுத்தத்தில் நாளொன்றுக்கு ஏறுகிறவர்கள் பதினொரு பேர்,
இருக்கை போட இருபத்தைந்து பேராவது வேண்டும்.
கடிதத்தை மடித்துவிட்டு வெர்லா கேட்டாள்:
"மீதிப் பதினாலையும் நான்தான் பெத்துப் போடணுமா?"

டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில்
குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.
டுலூத்தில் எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது.
கீழே ஏரி, கடல் என்று சொல்லிக்கொள்ளாத கடல்.
அங்கிருந்து ஏறி வரும் காற்றுக்கு
யார் எத்தனை கிலோ என்று தெரியும்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு.
காரை வெளியே தள்ளிவிட்டு, என் காரேஜில்
பழைய சமையலறை அலமாரியின் வெள்ளைப் பலகைகளை
நானும் ரோட்னியும் பெட்டியாக முடுக்கினோம்.
ரோட்னி, வெர்லாவின் மருமகன்.
மகள் விவாகரத்து வாங்கி ஆறு வருஷம்.
அவனிடம் யாரும் சொல்லவில்லை போல,
இன்னும் மாமியார் வீட்டுப் புல்லை வெட்ட வருகிறான்.

மூலைகளில் சிலிகோன் பிதுக்கி விரலால் வழித்தோம்.
அடிப்பலகையின் இணைப்பை மறைக்க
அகல டேப் ஒட்டினேன்.
ஒரு சுருக்கம் விழுந்தது.
பார்த்தேன்.
அடியில்தானே என்று விட்டுவிட்டேன்.

நாலு மூட்டை. மூட்டைக்கு எண்பது பவுண்டு.
தண்ணீரைக் குறை என்றது மூட்டையின் முதுகு,
கூட்டு என்றது என் முதுகு.
கரணையில் எடுத்தால்
கொஞ்சம் யோசித்துவிட்டு விழுகிற பதம்.
பாதி நிரப்பி, கம்பி வலையைக் கிடத்தி, மறுபாதி.
பிறகு ரோட்னி, பிளேடு கழற்றிய மின்ரம்பத்தைப்
பெட்டியின் விலாவில் அழுத்தினான்.
காரேஜுக்கே பல் கூசியது.
குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து
வாய் திறந்து மூடின.
கதவருகே மடக்கு நாற்காலியில் இருந்து
வெர்லா அவற்றை எண்ணினாள்.
நூற்றுப் பதினேழில் தூங்கிப்போனாள்.

அன்றிரவு அந்த வருஷத்தின் முதல் உறைபனி.
மின்போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
பிளாஸ்டிக் விரிப்புக்கடியில் கைவைத்தால்
சுட்டது.
யாரும் மூட்டாத சூடு.
கடை அலமாரியில் இத்தனை மாதம் சும்மாதான் கிடந்திருக்கும்,
தண்ணீர் பட்டதும் உள்ளே ஏதோ நடக்கிறது.
போர்வையை என்மேல் போர்த்திக்கொண்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
காரணம் ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள் பலகைகளைப் பிரித்தோம்.
புரட்ட மூன்று பேர்:
நான், ரோட்னி, எதிர்வீட்டுத் தபால்காரர்.
புரண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது,
நான் அடி என்று நினைத்ததுதான் மேல்.
கரணையால் அவ்வளவு நீவிக்கொடுத்த பக்கம்
இனி யாரும் பார்க்காத வயிறு.
வழுவழுப்புக்குக் குறுக்கே என் டேப்பின் சுருக்கம்,
தலையணை கன்னத்தில் விட்ட தடம் மாதிரி.

"உரசி எடுத்துடலாம்" என்றான் ரோட்னி.
வெர்லா அதன்மேல் விரலை ஓட்டினாள்.
ஊசி ஏறி ஏறி அவள் முன்கையில் தடித்த நரம்பும்
ஏறக்குறைய அதே நீளம்.
"இருக்கட்டும். உக்காந்தா மறைஞ்சிடும்."

இருபத்தெட்டு நாள் பொறு என்றது மூட்டை. பொறுத்தோம்.
ஒரு புதன், விடிகாலை நாலு மணி,
வாடகைத் தள்ளுவண்டியில் கால்கள் இரண்டும் முதலில்,
பிறகு பலகை.
பசை பூசி ஏற்றி வைத்த நிமிஷம்
போலீஸ் கார் ஒன்று வேகம் குறைத்தது.
ரோட்னி சட்டென்று உட்கார்ந்து
பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் ஆனான்.
முதல் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
கார் போய்விட்டது.

நவம்பரில் நகராட்சி வண்டி வந்தது.
ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் பெஞ்சை உதைத்துப் பார்த்தார்,
சுற்றி வந்தார், யாருக்கோ போன் போட்டார்,
போனை வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து
ஒரு சாண்ட்விச் முழுவதையும் தின்றார்.
பிறகு பக்கவாட்டில் தகடு ஒட்டினார்:
நகராட்சி உடைமை. எண் 4406.
சேதப்படுத்துவோருக்கு அபராதம்.

வெர்லா இப்போது அதில் உட்கார்ந்துதான்
அவர்களுக்கு அடுத்த கடிதம் எழுதுகிறாள்.
கூரை வேண்டுமாம்.