வரிசை திரும்பும் இடம்

கோப்பிக்கடையில் நான்கு கிளாஸ் வாங்கினேன்.
இரண்டு தே, இரண்டு கோப்பி-ஓ.
குடிக்கப்போவது ஒன்றைத்தான்.
வரிசையாக நிறுத்தி
மேசை விளிம்புவரை நகர்த்துகிறேன்.
விளிம்பில்தான் தகராறு.

நால்வர் கைகோத்து மண்டபத்தில் இறங்குவது சுலபம்.
நடக்கத் தெரிந்தால் போதும்.
பூப்பந்துக் கோடுகளைத் தாண்டி
அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள்வரை போய்விடலாம்.
ஆறாவது எண்ணில் சுவர்.
எட்டுக்குள் முதுகு சுவருக்கு, முகம் வயலினுக்கு.

பகலில் எனக்கு ரயில் அட்டவணை வேலை.
பாசிர் ரிஸ்ஸில் ரயில் திரும்புவதே இல்லை.
ஓட்டுநர் பையைத் தூக்கிக்கொண்டு
நடைமேடை நெடுக நடந்துபோய்
வாலைத் தலையாக்கிவிடுகிறார்.
நமக்கு அந்த வசதி கிடையாது.
மூக்கு ஒரு பக்கம்தான்.

தனித்தனியே திரும்பச் சொல்லலாம்.
கைகளை விட்டு, நின்ற இடத்தில் சுழன்று,
மறுகையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.
ஒருவராவது தவறான கையை நீட்டுவார்.
ஜோடியாகத் திரும்பச் சொல்லலாம்.
நடுக்கை மட்டும் அறும்.
நடுவில் நின்றவர்கள் இரண்டு ஓரத்துக்கும் போய்விடுவார்கள்.

போன வாரம் ஜோடியாகத்தான் எழுதியிருந்தேன்,
குணாளனுக்காக. லாய் இம்முக்காக.
அவர் ஒன்பதாவது மாடி, அவள் பத்து.
இந்த ஆட்டத்தில்
எதிர்ஜோடிக்குப் பெயர் அண்டைவீட்டார்.
இவர்கள் தோ பாயோவிலும் அப்படியே.

அவள் குளியலறைத் தரையிலிருந்து
அவர் கூரைக்கு இறங்குகிறது ஓர் ஈரம்.
ஏழு மாதத்துக்கு முன் ஐம்பது காசு அளவு,
இப்போது பராட்டா அளவு.
நகர மன்றத்துக்கு இருவரும் எழுதிய கடிதங்கள்
ஒரே மின்தூக்கியில் இறங்கின,
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்.
வியாழக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும்
இருவரும் தவறுவதில்லை.
வராவிட்டால் தோற்றதாகிவிடுமே.

போன வாரம்
நடுக்கை அறுந்தபோது பார்த்தேன்.
இரண்டு தோள்கள் ஒரே நேரத்தில் தளர்ந்தன.
எனக்கு அது பிடிக்கவில்லை.

மேசை துடைக்க வந்தவர்
மூன்றாவது கிளாஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.
அதில் பாதித் தே இருந்தது.
மிச்சத்தை ஒதுக்கிவிட்டு,
யாரோ பொட்டலம் கட்டிப் போட்ட
இளஞ்சிவப்பு ரஃபியா கயிற்றை நீட்டி வைத்தேன்.
ஒரு நுனியை வளைத்து
மறுநுனிக்கு அருகே உள்ள இடுக்கில் நுழைத்து இழுத்தேன்.
முழுக் கயிறும் திரும்பிக்கொண்டது.
எங்கும் அறவில்லை.

இன்று இரவு, சமூக மன்றம்.
ஹஃபீஸ் வயலினைத் தாடைக்கு ஏற்றுகிறான்.
தவமணி, குணாளன், லாய் இம், நோர்மன்
கைகோத்து இறங்குகிறார்கள்.
நான்கு, ஐந்து.
“கையை விடாதீர்கள்!” என்கிறேன்,
தேவைக்குமேல் சத்தமாக.

நோர்மனும் லாய் இம்மும் கைகளை உயர்த்தி வளைவாக்க
தவமணி அதற்குள் நுழைகிறாள்,
கணவரை இழுத்துக்கொண்டு.
குணாளன் குனிந்து
லாய் இம்மின் கைக்கு அடியில் வருகிறார்.
மறுபடியும் பத்துக்குக் கீழே ஒன்பது.
பழக்கதோஷம்,
அண்ணாந்து பார்க்கிறார்.

மேலே ஒரு முழங்கை,
வியர்த்த ரவிக்கைக் கை,
அதற்கும் மேலே சுற்றும் மின்விசிறி.

லாய் இம் கடைசியாகத் தன் கைக்கடியிலேயே தான் சுழல்கிறாள்.
ஏழு. எட்டு.
நால்வரும் வயலினைப் பார்த்து நிற்கிறார்கள்.
நடுக்கை அப்படியே இருக்கிறது.

“உங்கள் கை ஈரம்” என்கிறார் குணாளன்.
ஏழு மாதத்தில் முதல் வாக்கியம்.
புகாரா என்று தெரியவில்லை.
அவள் சிரித்தாளா, மூச்சு வாங்கினாளா,
அதுவும் தெரியவில்லை.
வரிசை மேலேறி, வளைந்து, வட்டமாகி,
அடுத்த சுற்றுக்குள் இருவருக்கும்
வேறு அண்டைவீட்டார்.

வரிசையின் நுனியைத் தொட்டுத் திரும்பினால்தான்
மறுபடி எதிர்ப்படுவார்கள்.
மணி ஒன்பதே முக்கால்.
பத்துக்குக் காவலாளி விளக்கை அணைப்பார்.
ஹஃபீஸ் என்னைப் பார்க்கிறான், முடிக்கலாமா என்று.

சுட்டுவிரலை உயர்த்தி
காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறேன்.
இன்னும்.