மூண்டு மணி

மருந்துக்கடைக் கணக்கு முழுக்கப் பூட்டி
மூண்டு நாள் தவணையும் தந்திருக்கிறான்.
நல்ல மரியாதையான கடிதம்.
எங்கட வங்கிக்காரர்கூட இப்பிடி எழுதமாட்டினம்.
உவனுக்குக் காசு தேவை. விளங்குது.

போன கிழமை ஒருத்தியின்ர போனில
அவள் தட்டுற எழுத்தெல்லாம்
ஆருக்கோ ஓதிக்கொண்டிருந்தது ஒண்டு.
போட்டவன் அவளைக் கட்டப்போறவன்.
அக்கறையாம்.
அழிச்சுக் குடுத்தன், காசு வாங்கேல்லை.

இண்டைக்கு நவாலியில இருந்து சர்வானந்தர்
பழைய கொம்பியூட்டரைச்
சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு
கஸ்தூரியார் வீதி வெயிலில வந்து நிண்டார்.
"மூண்டு மணியானா சீடித் தட்டு
தானா நாக்கு நீட்டுது தம்பி."

திறந்து பாத்தன்.
நிரலின்ர கடைசி வரியில
ஒரு பெயரின்ர மூண்டு எழுத்து.
என்ர பெயர்.

கொக்குவில் வகுப்பு. பதினேழு வயது.
ஆறு மணிக்கு ஊரடங்கு,
அதுக்கு முந்தின பகலும் நகராது.
காசுக்கில்லை, ஆரிலும் கோவமுமில்லை.
பதினெட்டு மெசினும் ஒரேயடியா வாய் பிளக்க
கடைசி வாங்கில சிரிக்காமல் இருந்தன்.
நான்தான் எண்டு சொல்ல ஏலாமல்
இரவு முழுக்கக் காய்ச்சல்.

பிறகு அது தன்பாட்டில போட்டுது
ஆற்றையோ சட்டைப் பையில,
கலியாணப் படங்களுக்குள்ள,
மரண அறிவித்தல் அச்சடிக்கிற கடைக்குள்ள.
எனக்குத் தலை நரைக்கத் தொடங்கீற்றுது,
அதுக்கு இன்னும் பதினேழு.

"ஆர் தம்பி உதுகளைச் செய்யுறது?"
"ஆரோ விசரன், ஐயா."

அறுநூறு ரூபாவை மேசையில வைச்சார்.
அழிக்கிறதுக்கு ஒரு பொத்தான் போதும்.
மணி ரெண்டு ஐம்பத்தாறு.
கொஞ்சம் இருங்கோ எண்டன்.