பிடி

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் மொட்டைமாடியில்
காலை ஆறே முக்காலுக்கு ஒன்பது பாய்கள்.
அறுபதுக்குக் கீழே யாருமில்லை,
சொல்லித் தரும் ம்ருணாள் தாம்லேயைத் தவிர.

குனிந்தால் என் விரல் முழங்காலோடு நின்றுவிடும்.
பரவாயில்லை என்கிறாள்.
மரம்போல் நிற்கச் சொன்னால்
தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பிடித்துக்கொள்கிறேன்.
அதற்கும் பரவாயில்லை.

சவாசனம்தான் வரவில்லை.

"கையை விடுங்கள், மாசிலாமணி காகா."
(காகா என்றால் சித்தப்பா.
பக்கத்துப் பாய் பாலாம்பாள் முதல் நாள்
வானத்தைப் பார்த்தாள்.)
விட்டுத்தான் இருக்கிறேன்.
"வலது கை."
தலையைத் தூக்கிப் பார்த்தால்
இல்லாத எதையோ அமுக்கிக்கொண்டிருக்கிறது.

முப்பத்தொரு வருடம் லோக்கல் ஓட்டிய கை.
அந்தப் பிடியை அமுக்கியே வைத்திருக்க வேண்டும்,
தும்மினாலும், கொசு கடித்தாலும்,
அப்பா போன செய்தி வந்த அன்றும்.
உள்ளங்கை எழுந்தால்
பன்னிரண்டு பெட்டியும் நின்றுவிடும்.

குட்டன் மாரார் வைத்தியர் மணிக்கட்டைத் தொட்டு
வாதம் என்றார். தைலம் தந்தார்,
ராத்திரி வெந்நீரில் திரிபலா.
பிலோமினா தாளிக்கும் கரண்டியில் தைலத்தைச் சூடாக்கி
ஒவ்வொரு விரலாக நிமிர்த்துகிறாள்.
மறுநாள் ரசத்திலும் அந்த வாசனை.
விடிவதற்குள் கை மூடிக்கொள்கிறது.

இன்று மூச்சை எண்ணிக்கொண்டே
பதினேழில் எங்கோ நழுவிவிட்டேன்.
கீழே ஒரு பன்வேல் வண்டி.
சத்தத்தை வைத்தே சொல்வேன், எட்டு நிமிடம் தாமதம்.
யாரோ ஒரு பையன் ஓட்டுகிறான்.

கண் திறந்தபோது
உள்ளங்கையில் வெயில் கிடந்தது.
வண்டி கோவண்டி தாண்டியிருக்கும்.