மூச்சுத்துளை

வண்டியை விற்றுவிடு என்றாள் தங்கை நெலிதா.
நீ நிறுத்துகிற இடமெல்லாம் கறை.
பாதிரியார்கூடக் கேட்டுவிட்டாராம்.
கசிவுதானே, ஒழுகலில்லையே என்றேன்.
மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறேன்.

பதகோனியாவில் நவம்பர் மாதம்.
கொட்டகைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியும்
இடுக்கு வழியே காற்று மணலை வாரி எறிகிறது.
நாளை மறுநாள் ரியோ மாயோவுக்கு அப்பால்
நாலாயிரம் ஆடுகள் மயிர் கத்தரிக்கக் காத்திருக்கும்.
இயந்திரங்கள், அண்டா, மாவு மூட்டை, நான்கு ஆட்கள்,
எல்லாம் இந்தப் பழைய ஃபோர்டின் முதுகில்.

ஆட்டுத்தோலை விரித்து அடியில் மல்லாந்தேன்.
டிஃபரன்ஷியலின் பானை வயிற்றில்
எண்ணெயும் புழுதியும் குழைந்து
அடை அடையாக அப்பியிருந்தது.

முதலில் நிரப்புகிற துளையின் திருகு.
அது கழன்று வந்த பிறகே மற்றதைத் தொடவேண்டும்.
உள்ளதை வடித்துவிட்டு
ஊற்ற வழியில்லாமல் நின்றால்
நின்ற இடத்தில் நிற்கவேண்டியதுதான்.
நான் ஒருமுறை நின்றேன், பதினாறு மணி நேரம்,
பிஸ்கட் ஒரு பொட்டலம்.

பத்து போல்ட்டில் உச்சியில் ஒன்றை விட்டுவைத்து
மூடியின் கீழ் உதட்டில் உளியைச் செருகினேன்.
கந்தகம். அழுகிய முட்டை.
ஆட்டு மருந்து கலக்கும் வாளியில்
கறுப்பாக, அவசரமில்லாமல் இறங்கியது.

மூடியின் விளிம்பில் சிலிக்கான் பசை:
மேலே நீலம், அதன் அடியில் சிவப்பு,
அதற்கும் அடியில் சாம்பல்.
எல்லாம் ஓஸ்மார் பூசியது.
துடைக்காமல் பூசுகிறவன் அவன்,
சுவரானாலும் சண்டையானாலும்.
அவனைத் திட்டிக்கொண்டே சுரண்டினேன்.
நகக்கண்ணில் மூன்று நிறமும் ஏறியது.

பல்சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தேன்.
ஒரு பல்லும் போகவில்லை.
காந்தத்தில் மட்டும் இரும்புப் பொடி,
பூனை மயிர்போல்.
வளைவில் வெளிச்சக்கரம் கூட ஓடும், உள்சக்கரம் குறைய ஓடும்;
அந்த வழக்கை இது சத்தமில்லாமல் தீர்த்துவைக்கிறது.
எங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருக்கவில்லை.

எல்லாம் சரி, சீலின் ரப்பர் உதடுகூடக் கிழியவில்லை.
பிறகு எதற்காக இந்தக் கசிவு?

அச்சுக்குழாயைத் தடவிக்கொண்டே போனேன்,
பேன் பார்க்கிற விரலோடு.
மேலே மூச்சுத்துளை.
அதில் மூச்சு இல்லை.
குறடால் பிடுங்கினால்
தார்போல் கறுத்த ஒரு தக்கை,
ஒயின் புட்டியின் தக்கை,
கூராகச் செதுக்கியது.
செதுக்கின சாய்வு இடமிருந்து.

இந்த வீட்டில் இடக்கை எனக்குத்தான்.

செங்கெர் ஆற்றில் பனி உருகி வந்த நாள்.
தண்ணீர் முகவிளக்கைத் தொட்டது.
வேண்டாம், மெதுவாகப் போனால் போதும் என்றான் ஓஸ்மார்.
உள்ளே தண்ணீர் போனால் யார் காசு கொடுப்பது என்று
நான்தான் மண்டியிட்டு அடைத்தேன்.
ஆறு கடந்தோம்.
ஆறு கடக்கிறவரைதான் எதுவும் நினைவிலிருக்கும்.

அன்றுமுதல் சூடேறிய புழுக்கம்
போக வழியில்லாமல்
இருக்கிற ஒவ்வொரு இணைப்பிலும் முட்டியிருக்கிறது.
அவன் பூசப் பூச நான் ஏசினேன்.
கொமொதோரோவுக்குப் பஸ் ஏறிய காலையிலும்
கடைசியாகச் சொன்னது இதைத்தான்:
உன்னால் ஒரு ஒழுகலை நிறுத்த முடிந்ததா?

துளையைக் கம்பிவிட்டுக் குடைந்து ஊதினேன்.
மறுபக்கம் காற்று போனது.
மூடி பழையது, கேஸ்கெட் புதியது.
தேன் நிறத்தில் புது எண்ணெய்,
துளையின் வாசலுக்கு வந்து
வழியத் தொடங்கும் வரை.

நெலிதா மாத்தே கொண்டுவந்தாள்.
கோளாறு கிடைத்ததா?
கிடைத்தது.
ஓஸ்மார் வேலைதானே?

தக்கை சட்டைப்பையில் இருந்தது.
துணி ஒன்று கொடு என்றேன்.
பத்து போல்ட்டையும் குறுக்கும் மறுக்குமாக
இன்னொரு சுற்று இறுக்கினேன்,
ஏற்கெனவே இறுகியிருந்ததை.